கம்பியை மூடும் காரை

'கான்கிரீட்' என்பதற்குக் 'கற்காரை' என்று தமிழில் பெயரிட்டவர் யாராயினும் பொருளறிந்தே இட்டிருக்கிறார். கல்லும் காரையும் சேர்ந்தது கற்காரை. ஆனால் இன்று நம் வீடுகளைத் தாங்கி நிற்பவை கல்லும் காரையும் மட்டுமல்ல. அவற்றினுள் மறைந்திருக்கும் இரும்புக் கம்பியும்தான். அந்தக் கம்பிக்கும் வெளியுலகுக்கும் இடையே இருப்பது சில சென்டிமீட்டர்க் காரை. அரண்மனைகளையும் கோபுரங்களையும் கொண்டு கட்டுமான வரலாறு எழுதுவது நம் வழக்கம். இக்கட்டுரை அந்தச் சில சென்டிமீட்டரைப் பற்றியது. மணலி புதுநகரையும் அதைச் சூழ்ந்த வடசென்னைக் கடலோரத்தையும் போல இதற்குப் பொருந்திய களம் எளிதில் வாய்க்காது.

சிமெண்டு வருமுன் இக்கரையின் கட்டடங்கள் கிளிஞ்சலை நம்பியிருந்தன. உப்பங்கழிகளில் வாரிய கிளிஞ்சலைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினர். அதை நுணுக்கமாக அரைத்துத் தேய்த்து மெருகிட்ட சென்னைச் சாந்து பளிங்குபோல் மின்னியது. ஈரம் தாக்கும் இடங்களுக்குச் செங்கற்பொடியாகிய சுர்க்கியைச் சுண்ணாம்புடன் கலந்தனர். (வாசகர்கள் இந்தச் சுர்க்கியை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்.) 1904-இல் சென்னையில் ஒரு நிறுவனம் இதே கிளிஞ்சலிலிருந்து போர்ட்லண்ட் சிமெண்டு செய்ய முனைந்தது. இந்தியாவின் தொடக்ககாலச் சிமெண்டு முயற்சிகளுள் ஒன்றான அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில்தான் இத்தொழில் வேரூன்றியது. பின்னர் மதுக்கரை, டால்மியாபுரம், சங்கர்நகர் ஆலைகள் எழுந்து தமிழகத்தின் கட்டுமான முறையையே மாற்றின.

சிமெண்டுக்குள் இரும்பு புகுந்த கதையில் நெருப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆலைகளும் கிடங்குகளும் மர உத்தரத்தை விட்டு இரும்பு உத்தரத்துக்கு மாறின. இரும்பு எரியாது, ஆனால் சூடேறினால் வளையும். நியூயார்க்குக்கு அருகில் வில்லியம் வார்டு 1870-களில் தம் வீட்டைக் கம்பியிட்ட கற்காரையால் கட்டியதற்குத் தீ பற்றிய அச்சமே காரணம். பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்னபிக் இரும்பைத் தீயிலிருந்து காக்கக் காரையால் பொதியத் தொடங்கி, 1892-இல் தம் கட்டுமான முறைக்கே காப்புரிமை பெற்றார். ஆக, பிறப்பிலேயே கற்காரை இரும்புக்குப் போர்த்திய தீக்கவசம்.

நம் மண்ணிலும் அது அந்த நம்பிக்கையோடுதான் வந்தது. கோடை பிறந்தால் ஓலைக் குடிசை வரிசைகள் எரிவது சென்னைக்குப் பழகிப்போன துயரம். 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றிப் பல மாடிக் குடியிருப்புகளை எழுப்பியபோது, ஏழைக்குக் கிடைத்தது எரியாத கூரை. அதன் மதிப்பை 2004 ஜூலை 16 மறுபடியும் உணர்த்தியது. அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. ஓலைக்கு எதிராகக் கற்காரையை நிறுத்திப் பார்க்கையில் நியாயம் எப்பக்கம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் 'எரியாது' என்பதும் 'அழியாது' என்பதும் ஒன்றல்ல. 1959-இல் திறக்கப்பட்ட அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1975 ஜூலையில் பெருந்தீக்கு ஆளானது. ஆயினும் நின்றது, இன்றும் நிற்கிறது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் தீப்பற்றிய சென்னை சில்க்ஸ் கட்டடம் ஒரு நாளுக்கு மேல் எரிந்து, ஒரு பகுதி சரிந்து, முற்றிலுமாக இடிக்கப்பட்டது. இரும்பு ஏறத்தாழ 550 டிகிரி செல்சியஸில் தன் வலிமையில் பாதியை இழக்கிறது. பன்னாட்டுத் தீச்சோதனை முறையிலோ, உலையின் வெப்பம் ஐந்தே நிமிடத்தில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியை எட்டுகிறது. அதற்குள் கம்பி மெலியாதிருப்பது மேலே மூடிய காரை வெப்பத்தை மெல்லக் கடத்துவதால்தான். நெருப்பிடம் நாம் வாங்கும் அவகாசம் அந்தக் காரையின் கனத்தைப் பொறுத்தது. வெளியேறும் வழியும் படிக்கட்டும் இல்லாத கட்டடத்தில் அந்த அவகாசத்தால் பயனில்லை என்பது வேறு.

இதே காரை இன்னொரு பகைவனையும் தடுத்து நிற்கிறது. அவன் பெயர் உப்பு.

மணலி ஆலைகளை ஒட்டித் துணைநகரமாக உருவாக்கப்பட்ட மணலி புதுநகர், கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை நெருங்கும் தாழ்நிலத்தில் அமைந்தது. 2015-லும் 2023-லும் இங்கே வெள்ளம் புகுந்ததைப் பலரும் அறிவர். வெள்ளம் வடிந்துவிடும்; உப்பு வடிவதில்லை. அருகிலுள்ள மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீரில் கடல்நீர் கலந்தது 1960-களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. நல்ல காரையின் காரத்தன்மையில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப்படலம் உருவாகும். காரையின் நுண்துளைகள் வழியே உட்புகும் குளோரைடு அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து உந்தப்பட்ட காரை வெடித்துப் பெயரும். திறந்துகொண்ட வழியில் மேலும் உப்பு நுழையும்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளுடன் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அந்த வீழ்ச்சியின் காரணத்தை ஒற்றைச் சொல்லில் அடக்குவது நியாயமாகாது. ஆயினும், தீக்கு அஞ்சி ஓலையை விட்டவர்கள் கற்காரைக்கும் அஞ்ச நேர்ந்த அந்த நாளை, கட்டுமான வரலாறு எழுதுவோர் கடந்து போகக் கூடாது.

விதிகள் இல்லாமலில்லை. இந்தியத் தர நிறுவனத்தின் கற்காரை விதித்தொகுப்பான ஐ.எஸ். 456 முதலில் 1953-இல் வெளிவந்தது. 1978-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை பலகைக்கு 15, உத்தரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்ற அளவிலேயே குறைந்தபட்ச மூடுகாரை பேசப்பட்டது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டடம் நிற்கும் சூழலை முன்னிறுத்தியது. கடலோரச் சூழலுக்கு ஆட்படும் கற்காரைக்கு 45 மில்லிமீட்டர் மூடுகாரையும், எம்30 தரமும் வேண்டும் என்றது. தீக்கென்று தனி அட்டவணையும் தந்தது: இரு முனையிலும் வெறுமனே தாங்கப்பட்ட உத்தரம் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க 40 மில்லிமீட்டர். இரு எண்களும் எவ்வளவு அருகில் நிற்கின்றன, பாருங்கள்! நெருப்பு மணிக்கணக்கில் தாக்குவது. உப்பு ஆண்டுக்கணக்கில் அரிப்பது. இரண்டுக்கும் அரண் ஒன்றே. கம்பியிட்ட கற்காரைக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்பதும் அத்தொகுப்பின் விதி. உவர்நீர் ஊறும் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதிக்காமல் கலவையில் ஊற்றுபவர், பகைவனைத் தாமே உள்ளே அழைத்துக் குடியமர்த்துகிறார்.

இனிச் சுர்க்கியிடம் திரும்புவோம். செங்கற்பொடி சுண்ணாம்புடன் வினைபுரிந்து காரையின் துளைகளை அடைத்தது. அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலும் சிமெண்டுக்குள் அதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் ஹங்ரி ஹார்ஸ் அணை 1950 வாக்கிலேயே அதைப் பெருமளவில் பயன்படுத்திக் காட்டியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்படும் வரை இயங்கியது. வடசென்னை நிலையம் 1990-களில் வந்தது. இவற்றின் சாம்பல் கொசஸ்தலையின் கழிகளைத் தூர்த்த துயரக்கதை தனியே எழுதத் தக்கது. ஆற்றில் கொட்டினால் கேடாகும் பொருள், உலர்ந்த நிலையில் பிடித்து அளவோடு கலந்தால் உப்பைத் தடுக்கும் காப்பாகிறது. ஒரு நிபந்தனை உண்டு: சாம்பல் கலந்த காரை மெதுவாகவே முற்றும். சாதாரணச் சிமெண்டுக்கு ஏழு நாள் நீர் காட்டினால், இதற்குக் குறைந்தது பத்து நாளாவது காட்ட வேண்டும்.

இந்த அறிவெல்லாம் இறுதியில் வந்து நிற்பது சென்டரிங் பலகையின் மேல்தான். கம்பிக்கு அடியில் சரியான உயரத்துக் கவர் பிளாக் வைக்கப்பட்டதா, கைக்குக் கிடைத்த ஜல்லித்துண்டு செருகப்பட்டதா என்பது கலவை கொட்டும் வரைதான் கண்ணுக்குத் தெரியும். அதன்பின் பூச்சும் வண்ணமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். சொந்தமாக வீடு கட்டுபவர் மேஸ்திரியின் அருகில் நின்று அளந்து பார்க்கலாம். வாரிய வீட்டின் சாவியைப் பெற்றுக்கொள்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. முடிந்த சுவர்தான் அவர் கைக்கு வருகிறது. ஆகவே அவருக்காக அளந்து பார்ப்பது அரசின் கடமை. கலவை கொட்டுமுன் எடுத்த அந்த அளவு எழுத்தில் பதிந்து, குடியேறுபவர் கேட்டால் காட்டப்படவும் வேண்டும்.