துரையைத் தேடுவது சுலபம்: ஊவாத் தோட்டங்களில் மூதாதையர் தேடல்

பதுளை நகரின் புனித மாற்கு தேவாலயம் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாக 1857இல் எழுந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த அவர் ஆயிரத்துக்கும் அதிகமான யானைகளைச் சுட்டவர் என்று பேர் எடுத்தவர். 1845 ஜூனில் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானை கொன்றவருக்கு ஒரு கோவில்! ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்வரும்போதெல்லாம், காடு வெட்டியவர்களின் கல்லறை எங்கே என்று யோசிப்பேன்.

இங்கிலாந்திலிருந்து வந்த பூட்டனைத் தேடும் ஒருவருக்கு வழி தெளிவாகவே கிடக்கிறது. இலங்கை 1802இல் முடிக்குரிய குடியேற்ற நாடானது. அதனால் இந்தியாவுக்குப் போனவர்களுக்கான கம்பனிப் பதிவுகளை விட்டுவிட்டு, லண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் குடியேற்ற அலுவலகக் கடிதங்களைப் பார்க்க வேண்டும். 1859 முதல் வெளிவந்த பேர்குசன் டிரெக்டரியில் தோட்டத்தின் பெயர், ஏக்கர், உரிமையாளர், சுப்பிரின்டென்டன் என எல்லாம் உண்டு. கல்லறை எழுத்துகளைத் திரட்டி ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி 1913இல் தனி நூலே போட்டார். மிச்சத்தைத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேடு சொல்லிவிடும்.

அதே துரையின் கோப்பித் தோட்டத்துக்கு மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்துவந்த நம் பூட்டனுக்கு இருந்தது கங்காணியின் கடன் கணக்கும் தோட்டத்துச் செக்ரோலும்தான். வழியில் செத்தவர்களுக்கு அதுவும் இல்லை.

துரைக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளைகளின் கதை இன்னும் சிக்கலானது. பல பிள்ளைகளைத் தகப்பன்மார் கைவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளை வளர்க்கவே 1920களில் நுவரெலியாவில் பெயின்டர் இல்லம் தொடங்கியது. ஊரறிந்த தகப்பனின் பெயர் கடதாசியில் ஏறாவிட்டால், டிரெக்டரியில் அவர் எந்த ஆண்டு எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்று பார்த்து, பிள்ளை பிறந்த ஆண்டோடு ஒப்பிடலாம். அது தடயம் மட்டுமே, அத்தாட்சி ஆகாது.

வெள்ளைக்காரருக்கு இந்தத் தேடல் பொழுதுபோக்கு. நமக்கோ இது நாடு கிடைப்பதா இல்லையா என்ற கேள்வியாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்தவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமானால் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கே? 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. பிரஜாவுரிமை இல்லாமல் எஞ்சியோருக்கான சட்டம் 2003இல்தான் வந்தது.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்கள் இருந்த துண்டுகளையும் யுத்தத்தில் தொலைத்தார்கள். அவர்களின் பிள்ளைகள் தேடத் தொடங்கினால், முதலில் பாட்டன் பாட்டியிடம் தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் கேளுங்கள். ஆங்கிலப் பெயரைவிட ஆட்கள் வழங்கும் தமிழ்ப் பெயர் முக்கியம், ஏனென்றால் பல தோட்டங்களுக்கு இரண்டு பெயர் உண்டு. பெரிய கங்காணியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் கூட்டிவருவதே கங்காணியின் வழக்கம் என்பதால், இந்தியக் கிராமத்தைத் தேட அந்தப் பெயர் உதவும். பிறப்புச் சான்றிதழின் பிரதிக்குத் தோட்டம் அடங்கிய பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். உறவினர் யாராவது ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா போயிருந்தால், நீலகிரியிலோ திருச்சியிலோ அவர்கள் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.