இனிப்பு நீரும் பெயரில்லாத இறக்கமும்

மலேசியத் தமிழர்கள் நீரிழிவை 'இனிப்பு நீர்' என்பார்கள். சித்த மருத்துவம் மதுமேகம் என்றது. தமிழ்நாட்டில் 'சர்க்கரை', 'சுகர்'. எல்லாப் பெயர்களும் இனிப்பு கூடுவதைத்தான் சொல்கின்றன. ரத்தத்தில் சீனி குறைவதற்குப் பேச்சுவழக்கில் நம்மிடம் தனிச்சொல் இல்லை. "லோ ஆயிருச்சு" என்பதோடு சரி. பெயரில்லாத ஒன்று கண்ணுக்கு எளிதில் படாது. அதுவும் அந்த இறக்கத்தை உடம்பே உணராமல் போய்விட்டால்?

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், 1909இல் முழுமையடைந்த ரயில் பாதையில் இருக்கிறது ரெங்கம். சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், பிறகு செம்பனை. மலாயாத் தோட்டங்களில் அன்று ஆளைக் கொன்றது மலேரியா. டிரசர் கொடுத்தது கொய்னா. அதிலிருந்து தப்பியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வந்தது வேறு நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயது வந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நமக்கான எச்சரிக்கையெல்லாம் "சீனியைக் கொறை" என்பதுதான். மருந்தே சீனியை அளவுக்கு மேல் இறக்கிவிடலாம் என்பதை யாரும் அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

இந்த ஆபத்து இன்சுலினோடு கூடவே பிறந்தது. 1921-22 குளிர்காலத்தில், டொரொன்டோவில் ஜேம்ஸ் காலிப் தன் கணையச் சாற்றை முயல்களுக்கு ஊசியில் செலுத்தினார். முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்தன. மனிதர்களில் அது வலிப்புவரை போவதற்கு முன்பே உடம்பு மணியடிக்கும். அட்ரினலின் சுரக்கும்; கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசிக்கும். மலேசியக் கணக்கில் 4க்குக் கீழே, தமிழ்நாட்டுக் கணக்கில் 70க்குக் கீழே என்பது ஏறத்தாழ ஒரே எல்லைதான்.

சிலருக்கு அந்த மணி அடிப்பதில்லை. 1982இல் மனித இன்சுலின் சந்தைக்கு வந்தது. மாடு, பன்றி இன்சுலினிலிருந்து அதற்கு மாறிய சிலர், "முன்ன மாதிரி தெரியவே மாட்டேங்குது" என்றார்கள். 1987இல் சுவிட்சர்லாந்தின் டாய்ஷரும் பெர்கரும் இதை 'லான்செட்' இதழில் எழுத, பெரும் சர்ச்சை எழுந்தது. பின்வந்த ஆய்வுகளில் புதிய மருந்து மீதான குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் நோயாளிகள் சொன்ன அனுபவம் பொய்யில்லை.

விடை வேறிடத்தில் இருந்தது. 1991இல் ஹெல்லரும் கிரையரும் நீரிழிவே இல்லாதவர்களுக்குப் பிற்பகலில் ஒருமுறை சீனியை இறக்கிப் பார்த்தார்கள். மறுநாள் காலை மீண்டும் இறக்கியபோது அட்ரினலினும் குறைந்தது, அறிகுறிகளும் குறைந்தன. ஒரே ஒரு இறக்கம் போதும், அடுத்ததற்கு உடம்பு பழகிவிடுகிறது. அடிக்கடி இறங்குபவருக்கு மணி மேலும் மேலும் தாமதமாகிறது. கடைசியில் நடுக்கத்துக்கு முன்பே மூளை தடுமாறுகிறது. அப்போது கேட்டால், "எனக்கு ஒன்னும் இல்ல" என்பார். பிடிவாதமில்லை. தெரிந்துகொள்ள வேண்டிய மூளைக்கே சீனி போதவில்லை.

1993இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. சீனியை இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது; கடுமையான இறக்கமோ மூன்று மடங்கானது. 'நல்ல நோயாளி'தான் அதிகம் விழுந்தார்.

நம்மிடையே இதற்கு இன்னொரு சுமையும் உண்டு. காலனிய நிர்வாகம் தோட்டங்களில் கள்ளுக்கடைகளை அனுமதித்தது. 'குடிகாரத் தமிழன்' என்ற முத்திரை அங்கேயே ஒட்டிக்கொண்டது. நாக்குக் குழறி, தள்ளாடி, காரணமின்றிக் கோபப்படுகிற ஆளைப் பார்த்தால், "காலையிலயே ஊத்திட்டான்" என்பது எவ்வளவு எளிது! ஊசி போட்டுவிட்டோ கிளிபென்கிளமைட் மாத்திரை விழுங்கிவிட்டோ பசியாறாமல் வேலைக்குப் போன ஆளாக அவர் இருக்கலாம். வரலாறு கொடுத்த முத்திரை ஓர் உயிரை வாங்கக்கூடும்.

நல்ல செய்தியும் உண்டு. 1993, 94இல் இத்தாலியிலும் லண்டனிலும் நடந்த ஆய்வுகளில், சில வாரங்கள், மாதங்கள் இறக்கமே வராமல் கவனமாகப் பார்த்துக்கொண்டவர்களுக்கு உணர்வு பெருமளவு திரும்பியது. அதற்காக மருந்தை நாமே நிறுத்திவிடக் கூடாது; மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும். அதுவரை மணியடிக்க வேண்டியவர்கள் கூட இருப்பவர்கள்தான். முழுங்க முடிகிற ஆளுக்கு மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மீண்டும் சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனிப்பு நீர் என்று பெயர் வைத்த மக்களுக்கு இறக்கத்துக்கும் ஒரு பெயர் வைப்பது பெரிய வேலையில்லை. 'சீனி இறக்கம்' என்றே சொல்லிப் பழகலாம். பெயர் தெரிந்தால், தள்ளாடுகிற மனிதரைப் பார்த்ததும் முதலில் வாயில் வருவது "குடிச்சிருக்கியா?" என்பதாக இருக்காது. "சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்போம்.