மைண்டனா, நார்தாம் ரோடா?

பெருநிலப் பகுதியில் உள்ள மாக் மண்டினில் குடியிருந்துகொண்டு, நாற்பதைத் தாண்டிய பிறகு முதுகலை படிக்க நினைப்பவருக்குப் பினாங்குத் தீவில் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, கெலுகோர் மைண்டன் வளாகத்தில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். நம் ஆட்கள் வாயில் அது யு.எஸ்.எம். இன்னொன்று, ஜார்ஜ்டவுன் சுல்தான் அகமது ஷா சாலையில் இருக்கும் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பழைய ஆட்கள் அந்தக் கடலோரச் சாலையை இன்னமும் நார்தாம் ரோடு என்றுதான் சொல்கிறார்கள். எது உசத்தி என்று காப்பிக் கடையில் விவாதம் நடக்கும். எனக்கு அந்தக் கேள்வியில் அக்கறை இல்லை. பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் ஒருவரிடம் இந்த இரண்டும் எதைக் கேட்கின்றன என்பதே பார்க்க வேண்டியது.

மைண்டன் ஒரு காலத்தில் ஆங்கிலேயப் படை முகாம். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய கல்விக்கூடம் 1971இல் அங்கே குடியேறியது. வேலை செய்வோருக்கான வளாகத்துக்கு வெளியிலான பட்டப்படிப்பையும் அது அதே 1971இல் தொடங்கியது. மலேசியாவில் அதுவே முதல். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியதும், மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியில் இறங்கியதும் அந்த ஆண்டில்தான். பினாங்கு அப்போது யாருக்கும் பின்தங்கி நிற்கவில்லை. எஸ்டேட் பள்ளியில் படித்து, பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு ஆசிரியரானவர்கள் பள்ளி விடுமுறையில் மைண்டன் விடுதியில் தங்கி, மூன்று வாரத் தீவிர வகுப்பில் உட்கார்ந்து இளங்கலை முடித்தார்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்கும் தைரியமே பலருக்கு அங்கிருந்துதான் வந்தது.

வாவாசான் வயதில் இளையது. முதல் மாணவர்களை 2007 ஜனவரியில் சேர்த்துக்கொண்டது. அதன் வளாகத்தில் நிற்கும் ஹோம்ஸ்டெட் மாளிகை 1919இல் எழுந்தது. பிறகு இயாப் சோர் ஈயின் குடும்ப வீடானது. சீனாவிலிருந்து வந்து முடிதிருத்தும் தொழில் செய்த அவர், 1918இல் பான் ஹின் லீ வங்கியைத் தொடங்கியவர். பள்ளிக் காலத்தில் வாய்ப்பைத் தவறவிட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வீடு பினாங்கில் கிடைக்காது. இதன் முதல் துணைவேந்தர் கஜராஜ் தனராஜன், யு.எஸ்.எம்.மில் பணியாற்றியவர். ஹாங்காங்கின் திறந்தநிலைக் கல்வி நிறுவனத்திலும், வான்கூவரில் காமன்வெல்த் நாடுகளின் தொலைக்கல்வி அமைப்பிலும் தலைமைப் பொறுப்பு வகித்துவிட்டு ஊர் திரும்பினார். ஆகவே இரண்டு வாசல்களையும் எதிரெதிராக நிறுத்துவதில் ஓரளவுக்கு மேல் நியாயமில்லை. வாவாசான் நடத்திய காமன்வெல்த் எம்.பி.ஏ.வும் அந்த அமைப்பின் வழி வந்ததே. இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், இலங்கை நாடுகளின் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய பாடத்திட்டம் அது.

வேறுபாடு படிக்கும் முறையில் தொடங்குகிறது. வாவாசானில் பாடநூல் தயாராக வருகிறது. வார இறுதியில் சில வகுப்புகள், பருவத்துக்குள் ஒப்படைப்புகள், கடைசியில் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. ஞாயிறு இரவு பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்து, பிள்ளையின் கணக்கு நோட்டை ஓரமாகத் தள்ளி, நாளை காலை ஷிஃப்ட் இருப்பதை நினைத்துக்கொண்டே ஒப்படைப்பின் கடைசிப் பத்தியைத் தட்டச்சு செய்பவர்கள் மாக் மண்டின் வீடுகளிலும் இருப்பார்கள். தேதி தவறினால் மதிப்பெண் போகும். அந்தப் பயம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

யு.எஸ்.எம்.மில் ஆய்வுவழி முதுகலையோ முனைவர் பட்டமோ பகுதிநேரமாகச் செய்யும்போது அப்படித் தள்ளிவிட யாரும் இல்லை. ஒரு நெறியாளர், ஒரு தலைப்பு, நூலக அட்டை, முடிவில் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு. பருவத்துக்கொரு முன்னேற்ற அறிக்கை கேட்பார்கள், உண்மைதான். ஆனால் இந்த வாரம் மூன்று கட்டுரை படித்தாயா என்று கேட்க ஆளில்லை. மேலதிகாரி சொல்லும் கெடுவுக்கு முப்பது வருடம் வேலை செய்து பழகியவரைத் தடுமாற வைப்பது இந்தச் சுதந்திரம்தான். முதல் வருடம் உற்சாகம். இரண்டாவது வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் தண்ணீர்ப்பந்தல் போட நேரம் இருக்கும். நெறியாளரைப் பார்க்க நேரம் இருக்காது. படித்த படிப்பு பாதியில் நிற்பதற்கு மூளை காரணமில்லை, பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

ஆனாலும் பாடவழிப் படிப்பு தர முடியாததை மைண்டன் தருகிறது. தன் வேலையிலிருந்தே ஒரு கேள்வி முளைத்தவருக்கு ஆய்வுதான் வழி. தமிழ்ப்பள்ளியில் இருபது வருடம் முதலாம் ஆண்டுக்குப் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் எந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறார்கள் என்பதை வகுப்பறையிலேயே கவனித்திருப்பார். அந்தக் கவனிப்பு எந்தப் பாடநூலிலும் இல்லை. அதை ஒழுங்காகச் சோதித்து எழுதினால் ஆய்வு. முலாம் பூசும் தொட்டியருகே நின்று, ஒரே உலோகம் மழைக்காலத்தில் மட்டும் ஏன் துருப்பிடிக்கிறது என்று யோசிக்கும் தொழில்நுட்பருக்கும் அதே கதைதான். இவர் பாலம்கூடக் கடக்க வேண்டாம், யு.எஸ்.எம்.மின் பொறியியல் வளாகம் தெற்கே நிபோங் தெபாலில் இருக்கிறது. தமிழ் இலக்கியத்தில் ஆழமாகப் போக நினைப்பவருக்கு மட்டும் இந்த இரண்டு வாசலும் போதாது. 1956இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை நோக்கிக் கோலாலம்பூருக்கு ரயில் ஏற வேண்டியதுதான். தனிநாயகம் அடிகள் தலைமை தாங்கிய துறை அது.

கேள்வி எதுவும் இல்லாமல், சம்பளப் படிக்காகவோ பதவி உயர்வுக்காகவோ படிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. அப்படிப் படிப்பவர்கள் வாவாசானுக்குப் போகட்டும். இளங்கலை இல்லையே என்று தயங்குபவருக்கும் வழி உண்டு: முப்பது வயது நிறைந்து, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு தொடர்புள்ள பணி அனுபவமும் இருந்தால், ‘அபேல்’ எனப்படும் முன்அனுபவ மதிப்பீட்டின் மூலம், அதை ஏற்கும் முதுகலைப் படிப்புகளில் சேரலாம். தேர்வும் உண்டு, அனுபவத்தை ஆதாரத்தோடு அடுக்கிக் காட்டும் கோப்பும் உண்டு. தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்த காலத்துக்கு ஒரு பல்கலைக்கழகம் மதிப்புக் கொடுப்பது சின்ன விஷயமில்லை.

செலவில் இரண்டுக்கும் பொதுவான சலுகைகள் சில. முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் எந்தத் துறையானாலும் ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு கேட்கலாம். ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக்காகப் பணம் எடுக்கலாம். பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் இல்லை. காருக்குத் தீவுக்குப் போகும்போது மட்டும் உண்டு. இவையெல்லாம் சரி. ஆனால் ஐம்பத்தைந்துக்காகச் சேர்த்த பணத்தை ஐம்பதில் எடுப்பவர், பட்டம் வந்த பிறகு எத்தனை வருடம் வேலை பாக்கி என்று ஒருமுறை விரல் விட்டு எண்ணிக்கொள்வது நல்லது. வெறும் ஆசைக்காகப் படிப்பதென்றால் அப்படிச் சொல்லிக்கொண்டே படிக்கலாம். வீட்டாரிடம் பதவி உயர்வு என்று கதை சொல்ல வேண்டாம்.

என் தீர்ப்பு இது. கேள்வி கையில் இருப்பவர் நேராக மைண்டனுக்குப் போங்கள். கேள்வி இன்னும் கனியாதவர் முதலில் பாடவழி முதுகலையை முடித்து, வாசிக்கவும் எழுதவும் கை பழகிய பிறகு ஆய்வைப் பற்றி யோசியுங்கள். நேரே முனைவர் பட்டத்தில் குதிப்பவர்களில் சிலருக்கு ஆசை, கோயில் அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் வரும் ‘டாக்டர்’ மேல்தான். அந்த ஆசையைக் காசாக்க மூன்றாவதாக ஒரு வாசலும் இருக்கிறது: ஆய்வேடு வேண்டாம், வகுப்பு வேண்டாம், பணம் கட்டினால் பட்டம். அதனால் வாவாசானோ யு.எஸ்.எம்.மோ வேறெந்தக் கல்லூரியோ, ஒரு வெள்ளி கட்டுவதற்கு முன் அந்தப் படிப்பின் பெயர் மலேசியத் தகுதி நிர்ணய ஆணையமான எம்.கியூ.ஏ.வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். காசு கேட்காத சேவை அது. பெயர் அதில் இல்லையென்றால் சேமநிதிப் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.