சோக்கைக் கழற்றிய கை

கிருலப்பனையில் ஹைலெவல் வீதியிலிருந்து கால்வாய்ப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு சிறிய கராஜ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. எனது மாலை நடை பெரும்பாலும் அதன் வாசலில்தான் முடிவடையும். அதை நடத்தும் மெக்கானிக் எழுபதைத் தாண்டியவர். 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது ஊரை விட்டுப் புறப்பட்டவர். நானும் அதே இரவில் அதே பாதையால் வந்தவன் என்பதால் எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை.

சில மாதங்களுக்கு முன் அங்கே ஒரு பழைய பெட்ஃபோர்ட் லொறி வந்து நின்றது. பெற்றோல் எஞ்சின். பழைய வாகனங்களைத் தேடி வாங்கும் ஒருவர் அதை ஏப்ரல் வசந்த காலத்துக்கு நுவரெலியாவுக்குக் கொண்டுபோக விரும்பினார். லொறியில் இருந்த காபரேற்றர் பஞ்சிகாவத்தையில் வாங்கிய பழசு. அதில் சோக் இல்லை. கொழும்பு வெக்கையில் அது ஒரு குறையாகத் தெரியாது. நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் சோக் இல்லாத எஞ்சின் இலகுவில் உயிர்பெறாது.

மெக்கானிக் பித்தளைத் தகட்டில் ஒரு வட்டம் வெட்டினார். காபரேற்றரின் காற்று வாயில் அது சரியாக அமரும்வரை விளிம்பை அராவினார். சுழலும் தண்டை வட்டத்தின் நடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கிப் பொருத்தினார். ஏனென்று கேட்டேன். எஞ்சின் பற்றிக்கொண்டதும் உள்ளிழுக்கப்படும் காற்று அந்தத் தகட்டைத் தானாகவே சிறிது திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோல் மிஞ்சிப் பிளக் நனைந்துவிடும் என்றார். பின்னர் சாரதி ஆசனத்துக்கு முன்னால் ஒரு குமிழ் வைத்து அங்கிருந்து ஒரு கேபிளை இழுத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"யாழ்ப்பாணத்திலை எத்தினை சோக்கைக் கழட்டி எறிஞ்சிருப்பன், ஐயா. இப்ப ஒண்டைப் பூட்டுறன்."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கும் வரலாறு எந்தப் பத்திரிகைக் கோப்பிலும் முறையாகப் பதிவாகவில்லை. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைக்காரனாக இருந்தவன் என்ற வகையில் இதில் எனக்கும் பங்குண்டு.

பெற்றோலைச் சிறு துளிகளாக்கிக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குள் அனுப்புவது காபரேற்றரின் வேலை. தெளித்துக் கலக்கும் இம்முறையை 1893ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், ஹங்கேரியில் பான்கி, சொங்கா என்ற இருவரும் தனித்தனியே உருவாக்கினார்கள். சூடேறிய எஞ்சினுக்கு ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று என்ற எடைக் கணக்குப் போதும். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் சுவர்களில் படிந்துவிடுவதால், காற்றை அடைத்துக் கலவையைச் செறிவாக்க வேண்டும். அதற்கான கதவுதான் சோக். மொறிஸ் மைனரில் இருக்கும் எஸ்.யூ. காபரேற்றரில் இந்தக் கதவு இல்லை. குமிழை இழுத்தால் பெற்றோல் வரும் குழல் கீழிறங்கி வழியை அகலமாக்கும். வழி வேறானாலும் நோக்கம் ஒன்றே.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் பங்கீட்டு அளவில், வந்தும் வராமலும் இருந்தது. ஒளித்தும் கடத்தியும் வந்த பெற்றோலை மருந்துபோல் அளந்து வைத்திருந்தார்கள். எனவே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

இங்கேதான் சோக் பயனற்றுப் போனது. மண்ணெண்ணெய்யின் ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழுவதற்குக் குறைந்தது 38 பாகை செல்சியஸ் வேண்டும். யாழ்ப்பாணத்துக் காலை அவ்வளவு சூடில்லை. சோக்கை இழுத்தால் ஆவியாகாத எண்ணெய்தான் மேலும் மேலும் வந்து பிளக்கை நனைக்கும். ஆகவே மெக்கானிக்குகள் அந்தக் கதவையே கழற்றிவிட்டு, திறந்த வாய்க்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பினார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய்யில் ஓடும். சிறு குழாய் பொருத்திய பிளாஸ்டிக் போத்தல் ஒன்று சாரதியின் சட்டைப்பையில் இருந்தது. கதவு செய்த வேலையை அந்தப் போத்தல் செய்தது.

இதை யாழ்ப்பாணத்தாரின் தனிக் கண்டுபிடிப்பு என்று மார்தட்டுவோர் உண்டு. முழுவதும் சரியன்று. 1917இலிருந்து வந்த ஃபோர்ட்சன் உழவு இயந்திரங்களும், 1949இல் வந்த ஃபெர்குசன் டி.ஈ.டி. 20 மாதிரியும் பெற்றோலில் தொடங்கி மலிவான எண்ணெய்யில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. எங்கள் தோட்டக்காரர்களும் மண்ணெண்ணெய் நீரிறைக்கும் இயந்திரங்களால் இந்த முறையை நன்கு அறிந்திருந்தார்கள். ஆனால் ஃபெர்குசன்காரன் வேலை முடிந்து எஞ்சினை நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவான். காபரேற்றரில் பெற்றோல் நிற்கும், மறுநாள் தொடங்குவது சுலபம். அந்த வசதி எங்களுக்கு எங்கே?

1950களின் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அவற்றின் அமுக்க விகிதம் குறைவு. பலவற்றில் ஏறத்தாழ 7க்கு 1. புதிய எஞ்சின் என்றால் மண்ணெண்ணெய்யில் தட்டித் தட்டியே உடைந்துவிடும். பழைய கார்களும் சும்மா தப்பவில்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் ஒயிலை நீராக்கியது, பேரிங்குகள் தேய்ந்தன, தெருவெல்லாம் வெண்புகையும் கண்ணெரிவும்.

1992இல் ஓர் இரவு அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கோண்டாவிலிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு கேம்பிரிட்ஜில் போனோம். சாரதியின் போத்தலில் இருந்தது ஒரேயொரு தடவைக்கான பெற்றோல். ஆஸ்பத்திரி வாசலில் அவர் எஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தி ஆறிவிட்டால் அடுத்த நோயாளிக்கு வண்டி இல்லை. விடியும்வரை, ஏறத்தாழ மூன்றரை மணித்தியாலம், அந்தக் கார் இருளில் உறுமிக்கொண்டே நின்றது. சிக்கனத்துக்காக எண்ணெய்யை எரித்துக்கொண்டிருந்தோம் என்று இன்று சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்குவதில்லை. தாயும் சேயும் சுகமாக வீடு வந்தார்கள்.

மறுநாள் நான் அலுவலகத்தில் எழுதியது ஷெல் வீச்சுச் செய்தி. அச்சுத்தாள் இல்லாமல் கொப்பித் தாளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் வெளிவந்த காலம். இடம் குறைவு என்பது உண்மை. ஆனாலும் காபரேற்றரைப் பற்றி நான்கு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை என்பதே முழு உண்மை. அன்றாடம் செய்தியாகாது என்று எங்களுக்குக் கற்பித்திருந்தார்கள், நாங்களும் நம்பினோம்.

2022 ஜூன் இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்றானபோது, இந்தக் கராஜுக்கு முச்சக்கர வண்டிக்காரர்கள் சிலர் வந்து மண்ணெண்ணெய்யில் ஓட வழி கேட்டார்கள். மெக்கானிக் சிரித்தார். மண்ணெண்ணெய்க்கும் வரிசை நின்ற நாட்கள் அவை.

லொறி புறப்பட்ட அன்று குமிழை இழுத்துச் சுழற்றியதும் இரண்டாம் தடவையில் பிடித்துக்கொண்டது. மெக்கானிக் குமிழை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு எஞ்சினின் ஓசையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நான் இதை எழுதப் போறன்," என்றேன்.

"எழுதுங்கோ. ஆனா அளவைச் சரியா எழுதுங்கோ, ஐயா. கேம்பிரிட்ஜுக்குக் காலமை ஒரு மூடி. மழை பெய்த நாளெண்டா ஒண்டரை."