வாடியும் வாடிவீடும்

வெள்ளைக்காரர் காலத்தில் சாலையோரம் கட்டப்பட்ட அரசாங்கத் தங்குமிடத்தைத் தமிழ்நாட்டில் பயணியர் மாளிகை என்பார்கள். சோதனைக்கு வரும் அதிகாரிக்கென்றால் அது ஆய்வு மாளிகை. பாக்கு நீரிணையைத் தாண்டி மன்னாருக்கு வந்தால் அதே மாதிரிக் கட்டிடம்: அதே ஓடு, அதே உயரமான கூரை, அதே நீண்ட விறாந்தை. ஆனால் பெயர் வாடிவீடு. அக்கரையில் மாளிகையாக இருப்பது இக்கரையில் வாடியாகிவிடுகிறது.

இந்த இறக்கம் எவ்வளவு என்பது மன்னார்க் கரையில் வாடி என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குத்தான் உறைக்கும். சிலாவத்துறையிலோ தலைமன்னாரிலோ தொழில் பருவத்துக்கு வந்தவர்கள் மணலில் சில கம்புகளை நட்டு, மேலே கிடுகு வேய்ந்து, காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் ஓலையால் மறைத்தால் அது வாடி. கதவு இராது, இருந்தாலும் அது ஒரு தட்டிதான். உள்ளே வலை, உப்புச் சாக்கு, தண்ணீர்க் கலன், சோற்றுப் பானை, படுக்கப் பாய். இப்போது கிடுகின் இடத்தில் நீலத் தறப்பாளும் தகரமும் வந்திருக்கின்றன. மீன் காயவைக்கும் இடம் கருவாட்டு வாடி. கடலட்டையை அவித்து உலர்த்தும் இடம் அட்டை வாடி. வாடியைக் கட்டுவது என்று சொல்வதைவிடப் போடுவது என்று சொல்வதே வழக்கம். கட்டினால் நிற்க வேண்டும், போட்டால் எடுத்துவிடலாம். காற்று திரும்பி மீன் வேறு பக்கம் போனால் கம்பும் ஓலையும் படகில் ஏறும். படகும் வலையும் உடைய சம்மாட்டி எந்தக் கரைக்குப் போகிறாரோ வாடியும் அங்கே போகும்.

சிங்கள மீனவரும் இதை ஏறக்குறைய இதே ஒலியில் ‘வாடிய’ என்கிறார்கள். நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் இருந்து வருகிறவர்களும் மன்னார்க்காரரும் கடல் உரிமை பற்றி எத்தனை சண்டை பிடித்தாலும் இந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதில்லை.

சொல்லின் வேர் கடற்கரையில் இல்லை. வேலியிட்டு அடைத்த இடம், தோட்டம் என்ற பொருளில் ‘வாடி’ இந்தியா முழுவதும் திரிந்த சொல். வடமொழி அகராதியில் அது ‘வாடீ’. வங்காளிகள் வீட்டைச் சொல்லும் ‘பாடி’யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மராட்டிய ஊர்ப்பெயர்களின் வாலில் தொங்கும் ‘வாடி’யையும் எல்லோருக்கும் தெரியும். தமிழில் பழைய பொருள் பளிச்சென்று தெரிவது ஏறுதழுவும் திடலில். காளையை அடைத்துவைத்துத் திறந்துவிடும் வாயில் வாடிவாசல். மரவாடியும் அப்படித்தான், அடைத்துவைத்த ஒரு வளவு. யாழ்ப்பாணத்தில் மரவாடி என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள். அங்கே அது மரக்காலை, விறகுக்கு விறகுகாலை. மரத்தையும் விறகையும் ‘காலை’க்குக் கொடுத்துவிட்டதால், ஈழத்துக் கரைகளில் ‘வாடி’ மீனுக்கென்றே ஒதுங்கியது எனலாம்.

வாடிவீட்டுக்கு வேறு இரண்டு விளக்கங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வழி நடந்து வாடி வந்தவர் இளைப்பாறும் வீடு என்பது ஒன்று. வாடகை வீடு என்பது இப்படித் தேய்ந்தது என்பது மற்றது. முதலாவது பட்டிமன்றத்தில் கைதட்டு வாங்கும். இரண்டாவது அங்கேயும் எடுபடாது. ‘வாடகை’ வேறு வேரிலிருந்து, கூலியைக் குறிக்கும் வடசொல்லான ‘பாடக’த்திலிருந்து வந்தது. பக்கத்தில் மணலிலேயே உயிரோடு ஒரு வாடி நிற்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

மணல் குடிசையும் அரசாங்க ஓட்டு வீடும் ஒரே பெயரை எங்கே பகிர்ந்துகொண்டன? முத்துக்குளிப்பில் என்பது என் கணிப்பு. மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்று நீளும் கரை அந்நாளில் ஆண்டில் பெரும்பகுதி ஆள் நடமாட்டம் அற்றுக் கிடந்தது. ஆனால் முத்துச்சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, கூடும் என்று அறிவித்தால் சில வாரத்துக்குள் அங்கே ஒரு நகரம் முளைத்துவிடும். கீழக்கரை, காயல்பட்டினத்து வியாபாரிகளும் அரபுக் குளியாட்களும் சட்டிபானை விற்பவர்களும் சாமியார்களும் திருடர்களுமாகப் பல்லாயிரம் பேர். தெருத்தெருவாக ஓலைக் குடில்கள். நடுவே, சிப்பியை எண்ணிப் பங்கு பிரிக்க வேலியடைத்த ‘கொட்டு’. 1906இல் இருபத்தைந்து வயது ஆங்கிலேய அதிகாரி லெனார்ட் வுல்ஃப் மறிச்சுக்கட்டியில் நின்று மேற்பார்த்தது இந்தக் கொட்டைத்தான். பின்னர் தன்வரலாற்றில் அதை விரிவாகவே எழுதினார். அப்படி ஒரு வாடி நகரத்தில் துரையும் தங்கியாக வேண்டும். துரையின் வாடியும் ஒரு வாடிதான், கொஞ்சம் பெரியது, அவ்வளவே. பிறகு அதன் இடத்தில் கல்லும் ஓடும் வந்திருக்கும். கட்டிடம் மாறியும் கரையிலுள்ளவர்களின் வாயில் பெயர் மாறவில்லை. கடுதாசி ஆதாரம் காட்ட என்னால் இயலாது. ஆனால் இலங்கையில் தமிழர் வாழும் கரையூர்களில் இப்பெயர் இறுகப் பிடித்திருப்பது இதற்கு ஒத்துப்போகிறது. கல்முனையில் ஒரு தெருவுக்கே வாடிவீட்டு வீதி என்று பெயர்.

ஒரு துரை மட்டும் வாடியில் தங்க மறுத்தார். இலங்கையின் முதல் பிரித்தானிய ஆளுநர் ஃபிரெடரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்புக் கரை மேட்டில் கிரேக்கப் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை எழுப்பினார். அதுதான் ‘டோரிக்’. முத்துக்குளிப்புக் காலத்தில் வந்து தங்க மட்டும் அத்தனை ஆடம்பரம். கடல் அரித்து அரித்து அது இப்போது சில செங்கற் சுவர்களாக நிற்கிறது. அந்த மேட்டின் கீழே வாடி போடுவது இன்னும் நிற்கவில்லை.

வாடிவீட்டின் உள்ளே போனால் வேறொரு வேடிக்கை. உட்காருவது கதிரையில், அது போர்த்துக்கீசம். கால் நீட்டிச் சாயும் சாய்மனைக் கதிரையும் பாதி அதுவே. சாமான் வைக்கும் அலுமாரி, பூட்டும் சாவி, காற்றுக்குத் திறக்கும் யன்னல், சமைக்கும் குசினி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. பின்புறத்துக் கக்கூசு ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. 1560இல் போர்த்துக்கீசர் மன்னார்க் கோட்டையைக் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். மூன்று பேரும் ஆளுக்கொரு சாமானைக் கொண்டுவந்து வைத்த வீடு என்றாலும் வாசலில் தொங்கிய பெயர் மீனவருடையது. சிங்களத்தில் அதற்குத் ‘தானாயம’ என்று தனிப்பெயர் உண்டு. ஆனையிறவில் ஒல்லாந்தரின் சிறு கோட்டையே வாடிவீடாக மாறிப் பல காலம் பயணிகளுக்குச் சோறு போட்டது, உள்நாட்டுப் போரில் அழிந்தது.

மலைக்கும் இந்தச் சொல் ஏறியது. ஹோட்டன் சமவெளியில், கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில், தோமஸ் ஃபார் என்ற தோட்டத்துரையின் பெயரைத் தாங்கிய ‘ஃபார் இன்’ இருக்கிறது. வேட்டைக்காரர் தங்குமனையாகத் தொடங்கி, பின்பு வழிப்போக்கர் தங்கும் வாடிவீடானது. ஒஹிய ரயில் நிலையத்தில் இறங்கி மணிக்கணக்காக ஏறினால்தான் அதன் கணப்படுப்பைக் காணலாம். இரவுக் குளிரில் தண்ணீர் உறையும் இடம். அங்கே போய் ‘வாடி’ என்றால் மன்னார்ச் சம்மாட்டி சிரிப்பார். 1988இல் சமவெளி தேசியப் பூங்காவானது. ஃபார் இன் இன்று பார்வையாளர் நிலையம், இராத்தங்க முடியாது.

ஆனால் மன்னாரிலிருந்து மலைக்கு நடந்தவர்கள் யாரும் இந்த வீடுகளில் தங்கியதில்லை. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த 19ஆம் நூற்றாண்டில், இராமநாதபுரம் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். தண்ணீரில்லாக் காடு, வாந்திபேதி. வழியில் விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். பின்னாளில் ஆங்காங்கே கொட்டகையும் கிணறும் வந்தன. வாடிவீடு துரைமாருக்கும் கச்சேரி உத்தியோகத்தருக்கும், கூலிக்கு மரத்தடி. சத்திரத்தில், மடத்தில், அம்பலத்தில் எவரும் படுக்கலாம், காசு கேட்பதில்லை. திருக்கேதீச்சரத்துக்கு வரும் அடியார் மடத்தில் தங்குவார், மடுமாதா கோயிலுக்கு வருகிறவர் கூடாரம் அடிப்பார். வாடிவீடு அந்த இனமே இல்லை. ஏழையின் குடிசைப் பெயரை வாங்கிக்கொண்டு ஏழையை உள்ளே விடாத வீடு அது.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பலும் ரயிலும் பொருந்தின. மன்னாரில் இராத்தங்கும் தேவை குறைந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது, மிச்சத்தைப் போர் கொண்டுபோனது. ரயில் மட்டும் 2015இல் தலைமன்னாருக்குத் திரும்பி வந்தது. மலையகத் தமிழர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டு ஓகஸ்ட் 12இல் முடிந்தது.

இப்போது மன்னாருக்கு வெளிநாட்டுப் பறவைகளையும் பெருக்கமரத்தையும் பார்க்க ஆள் வருகிறது. புதிய தங்குமிடங்களின் பலகைகளில் ஓய்வு விடுதி, தங்ககம், ஹோம் ஸ்டே என்று எழுதுகிறார்கள். அவற்றில் ஒன்றுகூட மன்னாரில் பிறந்த சொல் இல்லை. அடுத்த பலகை எழுதப்போகிறவர் வாடிவீடு என்று எழுதட்டும். காசு கொடுத்தால் இன்று யாரும் உள்ளே போகலாம் என்பதால், அந்தப் பெயரை வைக்க முன்பைவிட இப்போதுதான் நியாயம் இருக்கிறது.