வெட்டிய பிறகும் வளரும் தண்டு

அஸ்பாரகஸ் வந்து இறங்கும் பெட்டி மற்ற காய்கறிப் பெட்டிகளைப் போல நேர்ச்சதுரமாக இருக்காது. அடி அகன்று மேலே குறுகியிருக்கும். திறந்தால் தண்டுகள் வரிசையாக நிமிர்ந்து நிற்கும்; காலடியில் தண்ணீர் ஊறிய ஓர் அட்டை. பார்வைக்காகச் செய்த அலங்காரம் இல்லை இது. படுக்கப் போட்டால் அந்தத் தண்டு சும்மா கிடக்காது. அறுத்து, கழுவி, ரப்பர் பட்டை மாட்டிய பிறகும் நுனி மேல்நோக்கித் திரும்பி வளரும். விட்டால் கட்டு முழுவதும் கோணிப்போகும். கோணலைக் கடையில் யாரும் தொடமாட்டார்கள். அதனால்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டரையும் அதை நிற்கவைத்தே கடக்கவைக்கிறார்கள்.

உருளைக்கிழங்கும் வெங்காயமும் அறுவடையோடு அடங்கிவிடும். தூங்குவதற்கென்றே செடி உண்டாக்கிய உறுப்புகள் அவை. அஸ்பாரகஸோ மண்ணைக் கிழித்துக்கொண்டு கிளம்பிய இளங்குருத்து. வெப்பம் தோதாக இருந்தால் ஒரே நாளில் 15 சென்டிமீட்டர்கூட உயரும். அந்த வேகத்தில் போய்க்கொண்டிருப்பதைக் கத்தி வைத்து அறுத்தால் உடனே நின்றுவிடுமா? உள்ளே இருக்கும் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டு மூச்சு விட்டபடி இருக்கும். காய்கறிகளில் இவ்வளவு வேகமாக மூச்சு விடுபவை வெகு சில. இனிப்பு குறையக் குறைய, வெட்டுப்பட்ட அடியிலிருந்து நார் மேலே ஏறும். வயலிலிருந்து ஓவன் வரை நடப்பதெல்லாம் அந்த நாரை முந்துவதற்கான ஓட்டம்தான்.

நவம்பர் கடைசியில் அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. வான்கோழிக்குப் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய வாட்டிய அஸ்பாரகஸ் வைப்பது பல வீடுகளில் வழக்கம். உள்ளூர்ப் பயிர் அப்போது கிடையாது. கலிஃபோர்னியாவில் குளிர் விலகும்போது தொடங்கும் அறுவடை, வாஷிங்டன், மிச்சிகன் மாநிலங்களில் ஜூனோடு ஓய்ந்துவிடும். ஆகவே நவம்பரில் கட்டின் மேல் இருக்கும் சீட்டைப் பார்த்தால் பெரும்பாலும் ‘பெரு’ என்றிருக்கும். பெருவில் எங்கே என்று சீட்டு சொல்லாது. இக்கா பள்ளத்தாக்காக இருக்க வாய்ப்பு அதிகம்.

இக்கா, லிமாவுக்குத் தெற்கே சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கிறது. பாலைவனம். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையை மில்லிமீட்டரில் எண்ணிவிடலாம். மணல் மேடுகளுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் அஸ்பாரகஸ் பச்சை. அந்தப் பச்சையை நாமும் பார்த்திருக்கிறோம்: பூங்கொத்தில் ரோஜாவுக்கு இடையே செருகுவார்களே, பஞ்சு மாதிரி மெல்லிய இலை, அது இந்தச் செடியின் இனம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே இனம். நாம் ஒன்றின் வேரை மருந்தாக எடுத்துக்கொண்டோம். ஐரோப்பா இன்னொன்றின் குருத்தை உணவாக எடுத்துக்கொண்டது. ரோமானியர்கள் காலத்திலேயே இது வயலில் விளைந்தது. ஒரு வேலை சட்டென்று முடிய வேண்டுமானால், அஸ்பாரகஸ் வேகும் நேரத்துக்குள் முடியட்டும் என்பது அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பேச்சு வழக்கு என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்திருக்கிறார். அதிகம் வேகவைக்கக் கூடாது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த எத்தனையோ சமையற்காரர்கள் அதை மறந்து குழைய வேகவைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

குளிர் நாடுகளில் நட்டு இரண்டு மூன்று ஆண்டு கையே வைக்கமாட்டார்கள். வேர்க்கட்டை மண்ணுக்குள் திரண்டு பலம் பிடிக்க வேண்டும். பிடித்துவிட்டால் பத்து, பதினைந்து ஆண்டுக்குக் கவலையில்லை. அங்கே பனிக்காலம் வந்து செடியைத் தானாகத் தூங்கவைக்கும். இக்காவில் உறைபனி ஏது? அதனால் தண்ணீரை நிறுத்திச் செடியைக் காயவிடுகிறார்கள். தழை மஞ்சளாகிச் சாயும். அதை அறுத்துத் தள்ளிவிட்டு மறுபடி சொட்டுநீர் விட்டால், வசந்தம் வந்துவிட்டதென்று நம்பி வேர்க்கட்டை குருத்து விடும். இப்படி ஆண்டுக்கு இரண்டு முறை ஏமாற்றலாம். உலகம் அஸ்பாரகஸுக்குக் காத்திருந்த மாதங்களை இல்லாமல் செய்தது இந்த ஏமாற்றுதான்.

இந்தப் பயிருக்கு உரம் போட்டது அமெரிக்க அரசின் போதைமருந்துக் கொள்கை. 1991இல் அமெரிக்கா ஆண்டிய நாடுகளுக்கான வர்த்தகச் சலுகைச் சட்டம் கொண்டுவந்தது. கொக்கெய்னுக்கு மூலமான கோகாவைப் பயிரிடுவதை விட்டு வேறு பயிருக்கு மாறட்டும் என்று பெரு உள்ளிட்ட நான்கு நாடுகளின் பல பொருள்களுக்குச் சுங்கவரி நீங்கியது. அஸ்பாரகஸும் அதில் ஒன்று. கோகா விளைவது ஆண்டிஸ் மலையின் கிழக்குச் சரிவுகளில். அஸ்பாரகஸ் விளைவது மேற்குக் கரையின் மணலில். கோகா விவசாயி இங்கே வந்து அஸ்பாரகஸ் நட்டதாகச் சொல்ல முடியாது. லாபம் கடற்கரையின் பெரிய பண்ணைகளுக்கு. வாஷிங்டன் மாநிலத்து விவசாயிகள், தங்கள் அரசே தங்களுக்குப் போட்டியாளரை வளர்த்துவிட்டதாகப் புலம்பினார்கள். அந்தப் புலம்பலில் நியாயம் இருந்தது.

தண்ணீர்? பெரும்பாலும் நிலத்தடி நீர். மீதியில் ஒரு பங்கு, ஹுவான்கவெலிகா மலையில் இருக்கும் சோக்ளோகோச்சா ஏரியிலிருந்து கால்வாய் வெட்டி இறக்கியது. அதே ஹுவான்கவெலிகாவிலிருந்துதான் அறுக்கவும் அடுக்கவும் ஆட்களும் இறங்கி வருகிறார்கள். மலை தன் தண்ணீரையும் கொடுத்து, தன் மக்களையும் கொடுக்கிறது. 2010இல் பிராக்ரஸியோ என்ற பிரிட்டிஷ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, இக்காவின் சில இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுக்கு 8 மீட்டர் வரை இறங்குவதாகச் சொன்னது. பெரிய பண்ணை ஆழ்துளையை இன்னும் ஆழமாக்கும். பக்கத்துச் சிறு விவசாயி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புவார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தண்ணீர் மட்டுமல்ல, கூலியும் தகராறானது: 2020 நவம்பர் இறுதியில் இக்காவின் பண்ணைத் தொழிலாளர்கள் கூலி போதவில்லையென்று தெற்கு பான் அமெரிக்க நெடுஞ்சாலையை மறித்தார்கள். பண்ணைகளுக்குச் சாதகமாக 2000இல் வந்த விவசாய ஊக்குவிப்புச் சட்டத்தை அடுத்த சில நாள்களில் பெருவின் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

அறுவடை கைவேலை. நீண்ட கத்தியை மண்ணோரம் விட்டு ஒவ்வொரு தண்டாக அறுக்க வேண்டும். நேற்று விட்டுவைத்த குருத்து இன்றைக்குப் பருவத்துக்கு வந்திருக்கும். நாளைக்கு நுனி விரிந்து வீணாகும். அறுத்த கையோடு கொட்டகைக்குக் கொண்டுபோய் ஐஸ்போலக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். வெப்பம் 2 டிகிரிக்கு அருகே இறங்கினால்தான் மூச்சு தணியும். பெண்கள் வரிசையாக நின்று பருமன் பார்த்துப் பிரித்து, அடியைச் சமமாக வெட்டி, கட்டுப் போட்டு, அந்த அகன்ற அடிப் பெட்டியில் நிறுத்துகிறார்கள். பிறகு குளிர் லாரி, லிமாவின் கயாவோ விமான நிலையம், மயாமி. கப்பலிலும் போவதுண்டு; காலம் அதிகம், செலவு குறைவு. மயாமியில் பல ஆண்டுகளாக இன்னொரு சடங்கு இருந்தது: அந்துப்பூச்சிப் புழு ஒளிந்து வந்துவிடக் கூடாதென்று மெத்தில் புரோமைடு புகை போடுவது. பூச்சி சாகும், தண்டின் ஆயுளிலும் சில நாள் போகும்.

கடையில் இரண்டு விதம் உண்டு. அக்கறையுள்ள கடை, தட்டில் ஒரு விரற்கடைத் தண்ணீர் விட்டுக் கட்டுகளை நிறுத்தி வைக்கும். அக்கறையில்லாத கடை விறகாகக் குவிக்கும். நுனி இறுக்கமாக மூடியிருக்கிறதா, இரண்டு தண்டை உரசினால் கீச்சென்று சத்தம் வருகிறதா என்று பாருங்கள். பருமனைப் பார்த்து முற்றல் என்று ஒதுக்காதீர்கள். பெருவிரல் தடிமனில் இருப்பது முளைக்கும்போதே அந்தத் தடிமன், வயதால் வந்ததல்ல. ஓவனுக்கு அதுவே தோதானது. பென்சில் போன்றவை கண்ணிமைக்கும் நேரத்தில் சுருண்டு கயிறாகிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வளைத்து ஒடித்தால் இளசு முடியும் இடத்தில் தானாக ஒடியும் என்று ஒரு நம்பிக்கை. கை எங்கே அழுத்துகிறதோ அங்கே ஒடியும், அவ்வளவுதான். பாலைவனத்தில் தண்ணீர் இறைத்து வளர்த்து விமானத்தில் ஏற்றி வந்ததில் மூன்றில் ஒரு பங்கைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. அடியில் வெளுத்துக் காய்ந்த இரண்டு சென்டிமீட்டரைக் கத்தியால் நறுக்கி, அதற்கு மேல் நான்கு விரல் நீளத்துக்குத் தோலைச் சீவினால் போதும். முருங்கைக்காய் நாரை உரிக்கத் தெரிந்த கைக்கு இது வேலையே இல்லை.

கழுவியதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரத்தோடு தட்டில் போட்டால் வாட்டம் நடக்காது, அவியல்தான் நடக்கும். ஒரு கரண்டி ஆலிவ் எண்ணெய், உப்பு, மிளகு. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் ஒரே வரிசையாகப் பரப்பி, 220 டிகிரியில் முன்பே சூடேறிய ஓவனுக்குள் தள்ளினால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீர் வெளியேறும், பயணத்தில் மிஞ்சிய சர்க்கரை செறிவாகும், அதுவும் அமினோ அமிலங்களும் சூட்டில் கலந்து பழுப்பேறும். அந்த அமிலங்களில் ஒன்றான அஸ்பாரஜின், 1806இல் பாரிஸில் வோக்லாங், ரோபிக்கே என்ற இருவர் இந்தத் தண்டின் சாற்றிலிருந்தே பிரித்தெடுத்தது. மனிதன் தனியாகப் பிரித்த முதல் அமினோ அமிலம் அதுதான். அதிகம் கருகவிட்டால் அதே அஸ்பாரஜின் அக்ரிலமைடு என்ற கெடுதலான பொருளாக மாறும். நுனி பழுப்பாகும்போது எடுத்துவிடுங்கள். எலுமிச்சையைத் தட்டு வெளியே வந்த பிறகே பிழிய வேண்டும். புளிப்போடு சூடேறினால் பச்சை நிறம் மங்கிப்போகும்.

தோட்டத்தில் காலையில் அறுத்தது கையில் இருந்தால் ஓவனைத் தொடவே வேண்டாம். கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு வெண்ணெய் தடவிச் சாப்பிடலாம். சர்க்கரை குறையாத குருத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. ஓவன், களைத்து வந்த தண்டுக்கான வைத்தியம். மயாமியைத் தாண்டி வந்ததைத் தண்ணீரில் வேகவைத்தால் மிச்சமிருக்கும் கொஞ்சம் ருசியும் தண்ணீரோடு போகும். ஆண்டு முழுக்க அஸ்பாரகஸ் கிடைக்கும் காலத்தில் ஓவனில் வாட்டுவது இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

தட்டு காலியான பிறகும் பயணம் முழுதாக முடிவதில்லை. தண்டில் இருக்கும் அஸ்பாரகூசிக் அமிலத்தை உடல் கந்தகச் சேர்மங்களாக உடைத்து வெளியேற்றுகிறது. ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சிறுநீரில் விநோதமான நாற்றம் வரும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இதைப் பற்றி எழுதியே இருக்கிறார். தங்களுக்கு அப்படியெதுவும் வருவதில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். 2016இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், கேட்கப்பட்ட சுமார் 6,900 பேரில் 60 சதவீதம் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அந்த வாசனையை உணரும் மரபணு அமைப்பு அவர்களுக்கு இல்லை என்றார்கள் ஆய்வாளர்கள். அடுத்து குளியலறைக்குப் போகிறவருக்கு அது இருக்கலாம்.