வண்டல் வகுத்த குடியிருப்பு: பாயூ லஃபூர்ஷின் கரையோர வரலாறு

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், டொனால்ட்சன்வில் நகரருகே மிசிசிப்பியிலிருந்து பிரிந்து மெக்சிகோ வளைகுடாவை நோக்கி 170 கி.மீ. தொலைவு செல்கிறது பாயூ லஃபூர்ஷ் என்னும் நீரோடை. பல நூற்றாண்டுகளுக்கு முன் மிசிசிப்பியின் பெருவெள்ளம் கடல் சேர்ந்த வழி இதுதான். இந்தக் கரையில் யார் எங்கே வாழ்வது என்பதை முடிவு செய்தது அந்த வெள்ளம் விட்டுச்சென்ற வண்டல்.

வண்டல் படிந்ததால் இங்கே ஆற்றங்கரைதான் மேடு. கரையை விட்டு விலக விலகத் தரை தாழ்ந்து, சதுப்பில் போய் முடிகிறது. 1755 முதல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து பிரிட்டிஷாரால் விரட்டப்பட்ட, பிரெஞ்சு வம்சாவளியினரான அகேடியர்கள் இந்த மேட்டில்தான் குடியேறினர். 1785இல் மட்டும் சுமார் 1,600 பேர் பிரான்சிலிருந்து ஏழு கப்பல்களில் லூசியானா வந்தனர். அவர்களில் பலர் தேர்ந்துகொண்டது லஃபூர்ஷ் கரை.

அவர்களுக்குக் கிடைத்த காணிகள் குறுகலானவை, ஆனால் மிக நீளமானவை. முன்னால் நீர்த்துறையும் வீடும், அடுத்து வயல், கடைசியில் சைப்ரஸ் மரங்கள் அடர்ந்த சதுப்பு. பிரெஞ்சு மரபுப்படி பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு உண்டு. ஒவ்வொருவருக்கும் நீர்முகப்பு வேண்டுமே! அதனால் காணியை நீளவாக்கில் பிரித்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை முகப்பு ஒடுங்க, வீடுகள் நெருங்கின. ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நீண்ட தெருவாயின.

மேல்கரையின் நல்ல நிலத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புப் பெருந்தோட்டங்கள் பிடித்துக்கொண்டன. சிறு விவசாயிகள் பலர் நிலத்தை விற்றுவிட்டுத் தெற்கே போனார்கள். தோட்டங்களை வளர்த்தது கறுப்பின அடிமைகளின் உழைப்பு. விடுதலைக்குப் பிறகும் தோட்ட உரிமையாளர்கள் கூலிக்குப் பணம் தராமல், தோட்டக் கடையில் மட்டுமே செல்லும் சீட்டைக் கொடுத்தனர். ரொக்கமாக நாளுக்கு ஒன்றேகால் டாலர் கேட்டு, 1887இல் இந்த வட்டாரத்தில் சுமார் 10,000 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நவம்பர் 23 அன்று திபோடோ நகரில் வெள்ளையர் கும்பல்கள் குறைந்தது 30 கறுப்பினத்தவரைச் சுட்டுக்கொன்றன.

தென்கோடியில் வாழ்ந்த ஹூமா பழங்குடியினர் மீன், இறால், வேட்டையை நம்பியிருந்தனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு 1960கள் வரை வெள்ளையர் பள்ளிகளில் இடம் மறுக்கப்பட்டது.

கடலோரக் குடிகளைப் பின்னுக்குத் தள்ளியது புயல். 1893 அக்டோபரில் செனியர் காமினாடா என்ற மீனவர் ஊர் அழிந்தது. தப்பியவர்கள் லஃபூர்ஷ் கரையேறி லீவில் பகுதியில் குடியமர்ந்தனர். 1909லும் 1915லும் அங்கேயும் புயல் தாக்கவே, மேலும் வடக்கே கோல்டன் மெடோவுக்கு இடம்பெயர்ந்தனர்.

இதற்கிடையில் 1904இல், வெள்ளத்துக்கு அஞ்சி டொனால்ட்சன்வில்லில் பாயூவின் தலைவாயை அணையிட்டு மூடினர். வண்டல் வரத்து நின்றது. இயல்பாகவே அமிழும் டெல்டா நிலத்துக்கு ஈடுசெய்ய எதுவும் இல்லை. 1930களிலிருந்து எண்ணெய் நிறுவனங்கள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் உள்ளே புகுந்து சதுப்பைக் கரைத்தது. முன்பு புயலுக்கு அஞ்சிப் போனவர்கள் திரும்பி வர நிலமாவது இருந்தது; பிறகு அதுவும் குறைந்துகொண்டே வந்தது.

1955 முதல் மிசிசிப்பி நீரை இறைத்துப் பாயூவில் விடுகிறார்கள். சுமார் 3 லட்சம் பேருக்கு இதுவே குடிநீர். ஆனால் பழைய வெள்ளம் கொண்டுவந்த அளவு வண்டலை இறைப்பு எந்திரங்களால் தர இயலாது. 2021 ஆகஸ்ட் 29 அன்று ஐடா புயல் மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் கரையேறியது இந்தப் பாயூவின் முகத்துவாரத்திலுள்ள போர்ட் ஃபூர்ஷோனில்தான். கீழ்க்கரையைக் காப்பதற்கான எந்தத் திட்டமும் வெள்ளத் தடுப்பு மதில்களோடு நின்றுவிடாமல், சதுப்புக்கு மண் சேர்க்கும் வழியையும் கொண்டிருக்க வேண்டும்.